கடன்பட்டவர் காலமானால் தீர்ப்பும் காலாவதியா?

ஒரு வாசகர் கேட்கிறார்:

ஐயா, நானும் என் நண்பரும் ஒரே தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் வேலை செய்தோம். வீட்டைப் பெரிதாக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, மகளின் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த 42,000 வெள்ளியைக் கைமாற்றாகக் கொடுத்தேன். வட்டி எதுவும் பேசவில்லை. பணம் திரும்பி வராததால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2021-இல் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் கிடைத்தது. இன்றோ நாளையோ என்று அவர் இழுத்தடித்தார். கடந்த ஆண்டு மாரடைப்பில் காலமாகிவிட்டார். மனைவியும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. “அண்ணனே போயிட்டாரு, இனி யாருகிட்ட போய் கேட்பீங்க?” என்கிறார் அவருடைய தம்பி. என் பணம் போனது போனதுதானா? அந்த அம்மா மேல் வழக்குப் போடவும் எனக்கு மனம் வரவில்லை.

கிள்ளான் வாசகர்

பதில்:

தம்பி சொல்வது தவறு. அதே சமயம், அந்த அம்மாவின் மேல் வழக்குப் போட வேண்டும் என்று நீங்கள் நினைப்பதும் தேவையில்லாத ஒன்று. கடன்பட்டவர் இறந்ததால் தீர்ப்பு சாகாது. ஆனால் அது மனைவியின் தலையிலோ பிள்ளைகளின் தலையிலோ போய் ஏறிக்கொள்வதும் இல்லை. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல்தான் அது நிற்கிறது. சொத்து இருந்தால், அந்த அளவுக்குப் பணம் உண்டு. இல்லையென்றால் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால், கடன் கொடுத்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் இடையே நடக்கும் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இங்கே சொல்வது மேற்கு மலேசியாவில் உள்ள நடைமுறை. சபா, சரவாக்கில் நிலச் சட்டமும் வேறு சில சட்டங்களும் மாறுபடும்.

முதலில் தேதியைப் பாருங்கள்

தீர்ப்பு வந்த தேதி எது, அவர் இறந்த தேதி எது? உங்கள் விஷயத்தில் அவர் உயிரோடு இருந்தபோதே தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் சிக்கல் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிரதிவாதி இறந்து, அது தெரியாமல் அவர் பெயரிலேயே தீர்ப்பு வாங்கியிருந்தால் அந்தத் தீர்ப்பு செல்லாது. அப்படிப்பட்டவர்கள் இறந்தவரின் சொத்துப் பிரதிநிதியை வழக்கில் சேர்த்துத்தான் மேலே போக வேண்டும். வழக்கே போடாத கடனும் செத்துப்போவதில்லை. ஒருவர் இறந்தாலும் அவருக்கு எதிரான வழக்குரிமை அவருடைய சொத்தின் மேல் தொடரும் என்று 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. அவதூறு போன்ற சில வழக்குகளுக்கு மட்டுமே விலக்கு.

அடுத்து, தீர்ப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு பிரதிவாதியோ, ஜாமீன் கையெழுத்துப் போட்டவரோ அதில் இருந்தால், அவர் மேல் தீர்ப்பு முன்போலவே நிற்கும். ஒருவர் இறந்ததால் மற்றவர் தப்பிவிட முடியாது.

காலக்கெடு: 6 ஆண்டு, 12 ஆண்டு

தீர்ப்பு கிடைத்துவிட்டால் அது ஆயுசுக்கும் போதும் என்று பலர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒரு தீர்ப்பை வைத்து நடவடிக்கை எடுக்க 12 ஆண்டுகள்தான். தீர்ப்புக் கடனுக்கான வட்டியில் ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கியைக் கேட்க முடியாது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 46-ஆவது ஆணைப்படி, தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டால், அமலாக்க ரிட் எடுப்பதற்கு முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

அதே 46-ஆவது ஆணை இன்னொன்றும் சொல்கிறது. பணம் கட்ட வேண்டியவரோ, பெற வேண்டியவரோ இறந்துவிட்டால், ஆறு ஆண்டு ஆகாவிட்டாலும் அனுமதி கட்டாயம். ஆகவே பழைய தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜப்தி ஆணை கேட்க முடியாது. தீர்ப்பு தந்த நீதிமன்றத்தில் ஒரு விண்ணப்பமும், சத்தியப்பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். இன்றைய தேதிக்கு எவ்வளவு பாக்கி, ஏன் இவ்வளவு தாமதம், அவர் எப்போது இறந்தார், இப்போது அவருடைய சொத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவரே இறந்துபோயிருந்தால், அவருடைய சொத்தை நிர்வகிப்பவரும் இதே வழியில் அனுமதி கேட்டு வசூலிக்கலாம். அப்பா பெயரில் வந்த தீர்ப்பு அப்பாவோடு போகாது.

வட்டி விஷயம்: 2012 ஆகஸ்ட் முதல் தீர்ப்புத் தொகைக்கான வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு. உங்கள் தீர்ப்பில் வட்டியும் எழுதப்பட்டிருந்தால், 42,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 2,100 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு 8,400. மொத்தம் 50,400 வெள்ளி.

யாரிடம் கேட்பது?

இறந்தவரின் வங்கிக் கணக்கு, நிலம், பங்குகள் எதையும் குடும்பத்தார் தாமாகவே எடுத்துக் கைமாற்ற முடியாது. உயில் இருந்தால், அதில் பெயர் குறிப்பிடப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்க வேண்டும். உயில் இல்லையென்றால் ஒருவர் நிர்வாக அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும், வழக்கறிஞர்கள் எல்.ஏ. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். நிலமோ வீடோ உள்ள சிறிய சொத்தாக இருந்தால், நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவு விசாரித்து முடிக்கும். அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால் அமானா ராயா மூலம் செய்துகொள்ளவும் வழி உண்டு.

எந்த வழியில் போனாலும், கடைசியில் ஒருவர் நிர்வாகியாக நிற்பார். நீங்கள் பேச வேண்டியவர் அவர்தான். அவர் மனைவியாகவே இருக்கலாம். ஆனால் அப்போது அவர் மனைவி என்ற முறையில் அல்ல, சொத்தின் நிர்வாகி என்ற முறையில் பதில் சொல்கிறார். அவருடைய சம்பளம், அவருடைய நகை, அவர் பெயரில் உள்ள சேமிப்பு எதையும் நீங்கள் தொட முடியாது.

குடும்பத்தில் யாருமே விண்ணப்பிக்காவிட்டால்? சொத்து வெளியே வந்தால் கடன்காரர்களும் வருவார்களே என்று சிலர் வேண்டுமென்றே சும்மா இருந்துவிடுவது உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. வாரிசுகள் முன்வராத நிலையில், கடன் கொடுத்தவரே நிர்வாக அதிகாரம் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இறந்தவருக்குப் பிரதிநிதி இல்லாதபோது, அவருடைய சொத்தின் சார்பில் ஒருவரை நியமிக்கும் அதிகாரமும் 15-ஆவது ஆணையின்படி நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் செலவும் நேரமும் பிடிக்கும், பிணையம் கேட்கப்படலாம். இது கடைசி வழியாக இருக்கட்டும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது?

செலவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்த எல்லாமே கடனுக்குப் போய்விடுவதில்லை.

இபிஎஃப் பணம்: முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் மனைவியை வாரிசாக நியமித்திருந்தால் அந்தப் பணம் மனைவிக்கே சொந்தம். கடன்காரர் அதன் மேல் கை வைக்க முடியாது. முஸ்லிம் சந்தாதாரராக இருந்தால், நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கிச் சட்டப்படி பங்கிட வேண்டிய பொறுப்பாளர் மட்டுமே.

பெர்கேசோ பிழைத்தோர் ஓய்வூதியம்: அது குடும்பத்துக்கான உதவி. கடனுக்குப் போகாது.

காப்புறுதிப் பணம்: இங்கேதான் பலருக்குக் குழப்பம். முஸ்லிம் அல்லாதவர் தம் காப்புறுதியில் மனைவி அல்லது கணவரையோ, பிள்ளைகளையோ வாரிசாக எழுதியிருந்தால் அது அறக்கட்டளைப் பணமாகிவிடும், கடனுக்கு உட்படாது. எழுதிய நேரத்தில் துணையும் பிள்ளையும் இல்லாமல் பெற்றோரை எழுதியிருந்தாலும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் பத்தாவது அட்டவணை இதைச் சொல்கிறது. தம்பி, தங்கை, நண்பர் என்று வேறு யாரையாவது எழுதியிருந்தால் கதை வேறு. அவர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நிர்வாகியாகத்தான். அது சொத்தின் பகுதி, கடன் அதிலிருந்து அடைபட வேண்டும். கல்யாணத்துக்கு முன் எடுத்த காப்புறுதியில் தம்பியின் பெயர் அப்படியே கிடப்பது நம்மிடையே சகஜம். உங்கள் நண்பரின் தம்பி அப்படி ஏதும் பெற்றிருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

வீடு: இருவர் பெயரில் வீடு இருந்தால், ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் கீழ் கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு பங்குக்கு உரிமையாளர்கள். இறந்தவரின் பங்கு அவருடைய சொத்தோடு சேரும். ஆனால் வங்கியின் அடமானம் முதலில் தீர வேண்டும். எம்ஆர்டிஏ காப்புறுதி இருந்தால் வீட்டுக் கடன் முழுதாகவோ பகுதியாகவோ அடைபட்டிருக்கும். அப்போது சொத்தின் மதிப்பும் கூடும்.

ஒரு உதாரணம். வீட்டின் விலை 320,000 வெள்ளி, வங்கிப் பாக்கி 120,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 200,000. சமபங்கு என்றால் அவர் பங்கு 100,000. வங்கியில் சேமிப்பு 14,000. மொத்தம் 114,000. ஈமச்சடங்குக்கும் நிர்வாகத்துக்கும் 14,000 செலவு என்றால் மிச்சம் 100,000. உங்கள் 50,400 முழுவதும் கிடைக்கும். மீதி 49,600 வாரிசுகளுக்கு. 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. ஆனால் இந்தப் பங்கெல்லாம் கடன் போக மிச்சத்தில்தான். முஸ்லிம்களின் ஃபராயிட் பங்கீட்டிலும் கடன் தீர்ந்த பிறகே பங்கு.

இப்போது மாற்றிப் பாருங்கள். வீட்டில் மிச்சம் எதுவும் இல்லை. செலவு போக மொத்தம் 30,000 வெள்ளிதான் இருக்கிறது. உங்கள் 50,400 தவிர, கடன் அட்டை, தனிநபர் கடன் என்று இன்னும் 49,600 பாக்கி. கடன் 100,000, பணம் 30,000. இறுதிச் சடங்கு, நிர்வாகச் செலவுக்கு முதலிடம். வரி போன்ற சில பாக்கிகளுக்கு அடுத்த இடம். பிறகு மற்றவர்களுக்கு விகிதப்படி. அப்படிப் பார்த்தால் வெள்ளிக்கு 30 காசு. உங்களுக்கு 15,120. கையில் தீர்ப்பு இருப்பதால் மற்ற சாதாரணக் கடன்காரர்களை முந்திக்கொள்ள முடியாது.

இறந்தவரின் சொத்தைத் திவால் சட்டப்படி நிர்வகிக்கக் கோரும் மனுவும் உண்டு. அதற்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். உங்கள் தொகை அதை எட்டவில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

ஒன்று: தீர்ப்பின் முத்திரையிட்ட நகலை எடுங்கள். இன்றைய தேதி வரை அசல், வட்டி, இதுவரை வந்த தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

இரண்டு: வீட்டின் கெரான் விவரத்தை வைத்து நில அலுவலகத்தில் தேடல் செய்யுங்கள். யார் பெயரில், எத்தனை பங்கு, எந்த வங்கியின் அடமானம் என்பது தெரிந்துவிடும். எல்.ஏ. அல்லது புரோபேட் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று உயர் நீதிமன்றப் பதிவகத்தில் விசாரியுங்கள்.

மூன்று: குடும்பத்துக்கும், நிர்வாகி இருந்தால் அவருக்கும், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தீர்ப்பின் நகலை இணையுங்கள். மிரட்டல் வேண்டாம். “சொத்தைப் பங்கிடும் முன் இந்தக் கடனைக் கணக்கில் கொள்ளுங்கள்” என்பதே போதும். அந்தக் கடிதத்துக்குப் பலம் உண்டு. கடன் இருப்பது தெரிந்தும் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், நிர்வாகி தம் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டி வரும். சொத்தைப் பெற்ற வாரிசுகளிடமும், பெற்ற அளவுக்குக் கேட்க வழி உண்டு.

நான்கு: விஷயம் நில அலுவலகத்திலோ அமானா ராயாவிலோ இருந்தால் அங்கேயும் அதே கடிதத்தைக் கொடுங்கள். கடன்காரர்கள் உரிமை கோர அழைக்கும் அறிவிப்பு நாளிதழில் வந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் எழுதிக் கொடுங்கள். தேதியைத் தவறவிட்டவருக்கு, நியாயமாகப் பங்கிட்டு முடித்த நிர்வாகியைப் பிடிப்பது கடினம்.

ஐந்து: அப்படியும் பதில் இல்லையென்றால் அமலாக்க அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்ததும், அவருடைய வீட்டுப் பங்கின் மேல் தடையுத்தரவு பெறலாம். அது நிலப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அந்தப் பங்கை விற்கவோ மாற்றவோ முடியாது. ஆறு மாதம்தான் அதன் ஆயுள். நீட்டிக்க வேண்டுமென்றால் முடிவதற்குள் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்.

பாதி வீட்டை ஏலத்தில் வாங்க ஆள் வருவது அரிது. மனைவி குடியிருக்கும் வீட்டின் பாதியை வாங்கி என்ன செய்வது என்றுதான் யாரும் யோசிப்பார்கள். அதனால் பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்து வருவது சமரசம்தான். சேமிப்பிலிருந்து ஒரு பகுதி இப்போது, மீதி மாதத் தவணையில். அல்லது வீடு விற்கும்போதோ மறுகடன் எடுக்கும்போதோ மொத்தமாக. வட்டியை விட்டுக்கொடுத்தால் பல குடும்பங்கள் அசலுக்கு ஒத்துக்கொள்ளும். எந்தச் சமரசமானாலும் நிர்வாகியோடு எழுத்தில் இருக்கட்டும். 12 ஆண்டுக் கெடுவையும் மனதில் வைத்துத் தவணையைப் போடுங்கள்.

குடும்பத்தாருக்கும் நாலு வார்த்தை

இதே பக்கத்தைக் கணவரையோ அப்பாவையோ இழந்தவர்களும் படிக்கக்கூடும். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வாசலில் வந்து நிற்பவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “நான் கட்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால், இறந்தவரின் கடன் உங்கள் சொந்தக் கடனாக மாறிவிடக்கூடும். “எழுத்தில் கொடுங்கள், நிர்வாகி வந்ததும் பார்க்கிறோம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வந்தவர் காரையோ நகையையோ எடுத்துப் போக முயன்றால் போலீசில் புகார் செய்யுங்கள். தீர்ப்பு கையில் இருந்தாலும் அவராக எடுக்க உரிமை கிடையாது.

அதே நேரம், கடனே இல்லாதது போல அவசரமாக வங்கிப் பணத்தை எடுத்துப் பங்கு போட்டுவிடாதீர்கள். அதிகாரம் பெறாமல் இறந்தவரின் சொத்தில் கை வைப்பவரும், எடுத்த அளவுக்குக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். இறந்த தேதியிலிருந்து ஓராண்டு முடியும் வரை, பங்கு பிரித்துத் தரும்படி நிர்வாகியைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த ஓராண்டைக் கடன் பட்டியல் தயாரிக்கப் பயன்படுத்துங்கள். சொத்தைவிடக் கடன் அதிகம் என்று தோன்றினால், யாருக்கும் எதுவும் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். சத்தம் போட்டவருக்கு முதலில் கட்டிவிட்டால், அமைதியாக இருந்தவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையை, ஜபாத்தான் பந்துவான் குவாமானை அணுகலாம்.

கடைசியாக, உயிரோடு இருக்கும் நம் எல்லாருக்கும் ஒரு வேலை. இன்று மாலை ஒரு தாள் எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும், தீர்ப்போ ஒப்பந்தமோ எங்கே இருக்கிறது என்று எழுதி, துணைக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். இபிஎஃப்பிலும் காப்புறுதியிலும் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். அந்தத் தாள் இருந்தால், நம் காலத்துக்குப் பிறகு வாசலில் வந்து நிற்பவர் சொல்வது உண்மையா பொய்யா என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. நடவடிக்கை எடுக்கும் முன் உங்கள் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள்.)